கடலோர ஊரின் அன்றாடத்தைப் படமெடுப்பது: ஒரு வாசகரின் கேள்விக்கு விரிவான பதில்

ஏறத்தாழ ஓராண்டாக வார இறுதிகளில் ஒரு கடலோர ஊருக்குக் கேமராவுடன் போய்வருவதாகவும், ஆயிரக்கணக்கில் படங்கள் சேர்ந்த பிறகும் சூரிய உதயம், நுரைத்து வரும் அலை, கருநிழலாகத் தெரியும் படகு என்ற மூன்றே திரும்பத் திரும்ப வருவதாகவும், அந்த ஊர் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது ஒரு படத்திலும் வந்து சேரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எந்த லென்ஸ் வாங்க வேண்டும், எந்த நேரத்தில் போக வேண்டும், மனிதர்களை அவர்கள் மனம் கோணாமல் எப்படிப் படமெடுப்பது என்பவை உங்கள் மூன்று கேள்விகள். கடலோரங்களில் பல ஆண்டுகள் படமெடுத்தவன் என்ற முறையில் மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவற்றுக்கு முன்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அது தெளிவாகிவிட்டால் லென்ஸ் பற்றிய கேள்வி தானாகவே சிறுத்துவிடும்.

நீங்கள் கடலைப் பார்த்து நிற்கிறீர்கள். கடலோரத்துக்கு வரும் எவருடைய உடம்பும் தன்னையறியாமல் கடலை நோக்கித்தான் திரும்பும். கேமராவும் அந்தப் பக்கமே திரும்பிவிடுகிறது. ஆனால் ஊரின் வேலை முழுவதும் கரையில் நடக்கிறது. படகை மணலில் ஏற்றுவதும், வலையை உதறுவதும், மீனைத் தரம் பிரிப்பதும், பனிக்கட்டி உடைப்பதும், ஏலம் கூறுவதும், கிழிந்ததைப் பொத்துவதும், இயந்திரத்தைப் பிரித்துக் கழுவுவதும் தண்ணீருக்கும் வீடுகளுக்கும் இடையே உள்ள ஒரு குறுகிய பட்டையில் நடந்து முடிந்துவிடுகின்றன. எனவே தண்ணீரின் ஓரத்தில் நின்று ஊரின் பக்கம் திரும்பிப் பாருங்கள். இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்கிறேன்: அலை எட்டும் ஈரக் கோட்டுக்கு மேலே, காய்ந்த மணலில் நின்றுதான் அப்படித் திரும்ப வேண்டும், வழுக்கும் பாறைகளிலும் அலைதடுப்புக் கற்களிலும் நின்றுகொண்டு கடலுக்கு முதுகு காட்டுவது உயிருக்கே ஆபத்தானது.

இந்தப் பட்டை எத்தனை சிறியதாக இருந்தாலும் போதும் என்பதற்கு ஃபிராங்க் மெடோ சட்கிளிஃபின் வாழ்க்கையைக் காட்டலாம். 1853இல் பிறந்து 1941இல் மறைந்த அவர், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில் உள்ள விட்பி என்ற மீன்பிடித் துறைமுக ஊரில் உருவப்பட நிலையம் வைத்துப் பிழைத்தவர். வாடிக்கையாளர்களை விட்டுவிட்டு நெடுந்தூரம் போக வழியில்லாததால், கையெட்டும் தொலைவில் இருந்த அதே துறைமுகத்தையும் அதே சந்துகளையும் பல பத்தாண்டுகள் படமெடுத்தார். தூண்டிலுக்கு இரை கோக்கும் பெண்கள், சுவரில் சாய்ந்து பேசும் முதியவர்கள், காலை மூடுபனியில் நிற்கும் படகுப் பாய்கள் என்று ஊரின் சாதாரண நாட்கள்தாம் அவருடைய பொருள். கனமான மரக் கேமராவும் கண்ணாடித் தகடுகளும் கொண்டு இவ்வளவையும் செய்த அவருக்கு, இடத்தின் குறுக்கம் தடையாக இல்லாமல் துணையாகவே இருந்தது என்பது என் கருத்து. எந்தச் சுவரில் எந்த மாதத்தில் எப்போது வெயில் விழும் என்பதை அவர் அறிந்திருந்தார். அவர் யார் என்பதை ஊரும் அறிந்திருந்தது. நீங்களும் முழுக் கரையையும் சுற்றுவதை விட்டுவிட்டு, நடந்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் ஒரு துண்டைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். கடலோர ஊர் கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்து நடப்பதில்லை. ஓதம் (கடல் ஏறுவதும் வற்றுவதும்), காற்று, வெயில் என்ற மூன்று கணக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. இவற்றுள் புகைப்படக்காரர்கள் பெரும்பாலும் கவனியாமல் விடுவது ஓதத்தை. உலகின் பெரும்பாலான கரைகளில் சுமார் 24 மணி 50 நிமிடத்துக்குள் கடல் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. ஆகவே இன்று காலை 6 மணிக்கு வற்றம் என்றால் நாளை ஏறக்குறைய 6.50க்கு வற்றம். வார இறுதியில் மட்டும் போகும் உங்களுக்கு இதில் ஒரு பயனுள்ள கணக்கு இருக்கிறது. நாளுக்கு 50 நிமிடம் என்று ஏழு நாட்களுக்குத் தள்ளிப்போனால் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகிறது. அதாவது இந்தச் சனிக்கிழமை விடியலில் வற்றம் என்றால் அடுத்த சனிக்கிழமை அதே விடியலில் கடல் ஏறி நிற்கும், அதற்கு அடுத்த சனிக்கிழமை மீண்டும் வற்றம் வரும். அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டியும் அவற்றுக்கு ஓரிரு நாள் பின்னும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு மிகுதியாக இருக்கும். அரைநிலா நாட்களை ஒட்டிக் குறைவாக இருக்கும். பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை மட்டும் வெளியே தெரியும் பாறைத் திட்டும், அதில் கிளிஞ்சல் பொறுக்க வருபவர்களும், சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கும் படகுகளும், ஓதத்தைப் பாராமல் போகும் ஒருவருக்கு ஆண்டு முழுவதும் கண்ணில் படாமலே போகக்கூடும். மத்தியதரைக் கடல், பால்டிக் கடல் போன்ற சில கடல்களில் ஓத வேறுபாடு மிகக் குறைவு. மெக்சிகோ வளைகுடாவின் பல பகுதிகளில் நாளுக்கு ஒரே ஏற்றமும் ஒரே வற்றமும்தான். பெரும்பாலான கரைகளில் அருகில் உள்ள துறைமுகத்துக்கான ஓத அட்டவணை கிடைக்கும். புறப்படுவதற்கு முன் அதைப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

காற்றின் கணக்கு இதைவிட எளியது. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் முற்பகலுக்குப் பின் கடலிலிருந்து காற்று வீசும். இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் விடியலுக்கு முன் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று போகும். பாய்மரப் படகுகள் விடிவதற்குள் நிலக்காற்றில் புறப்பட்டுக் கடற்காற்றில் திரும்பியதற்கு இதுவே காரணம். இயந்திரம் வந்த பிறகும் பல இடங்களில் அந்த வழக்கத்தின் சாயல் மாறவில்லை. படமெடுப்பவருக்கு இதன் பொருள் வேறு வகையானது. விடியலில் காற்றில் உப்புத் தூசி குறைவாக இருப்பதால் தொலைவில் உள்ளவை தெளிவாகத் தெரிகின்றன. பிற்பகலில் அலைத் துளிகள் காற்றில் மிதப்பதால் தொலைவு வெளுத்துப்போகிறது. அந்த வெளுப்பைக் குறையாகக் கருதாதீர்கள். பின்னால் இருக்கும் நெரிசலை அது மங்கச் செய்து, முன்னால் நிற்கும் ஒரே மனிதரைப் பிரித்துக் காட்டும்.

வெயிலைப் பொறுத்தவரை, கரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. கிழக்கு பார்த்த கரையில் விடியற்காலையில் கடலை நோக்கிப் படமெடுத்தால் எல்லாமே கருநிழலாகத்தான் வரும். உங்கள் தொகுப்பில் படகுகள் கருநிழல்களாகவே நிறைந்திருப்பதற்கு இதுவே காரணம் என்று ஊகிக்கிறேன். அதே நிமிடத்தில் ஊரின் பக்கம் திரும்பினால், கடல்மட்டத்திலிருந்து வரும் தாழ்ந்த பொன்னொளி வலை இழுப்பவர்களின் முகத்திலும் படகின் வண்ணத்திலும் ஈரக் கூடையிலும் நேராக விழுந்துகொண்டிருக்கும். மேற்கு பார்த்த கரையில் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள்: காலையில் ஊரின் பக்கமிருந்து ஒளி வருவதால் கடலை நோக்கி எடுக்கும் படங்களில் முகங்கள் துலங்கும், மாலையில் ஊரின் பக்கம் துலங்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக ஏறுவதால் ஒரு மணி நேரத்தில் 15 பாகை உயர்ந்துவிடுகிறது. நல்ல ஒளி அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோதான் நிற்கும். வடக்கேயும் தெற்கேயும் போகப் போகச் சூரியனின் பாதை சாய்ந்து, அந்த ஒளி நீண்ட நேரம் தங்கும். எனவே நில நடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் விடிந்த பிறகு இடம் தேடிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. எங்கே நிற்பது என்பதை முந்தைய வாரமே முடிவு செய்திருக்க வேண்டும்.

இனி நான் மிகவும் முக்கியமாகக் கருதும் ஒன்றுக்கு வருகிறேன். பலர் பல ஆண்டுகள் படமெடுத்தும் இதைக் கவனிப்பதில்லை. கடலின் தொடுவானம் எப்போதும் உங்கள் கேமராவின் உயரத்திலேயே இருக்கிறது. சமதளமான மணலில் நின்று கண்ணருகே கேமராவைப் பிடித்தால், பத்து அடியில் நிற்பவராயினும் நூறு அடியில் நிற்பவராயினும், உங்கள் உயரமுள்ள எல்லோருடைய கண்மட்டத்திலும் தொடுவானக் கோடு வெட்டிக்கொண்டு போகும். கடலோரப் படங்களில் மனிதர்களின் தலை ஒரு நேர்கோட்டில் ஊடுருவப்பட்டதுபோல் தெரிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இதற்கு இரண்டு மாற்று உண்டு. முழங்காலிட்டுக் கேமராவை இடுப்பளவுக்கோ அதற்குக் கீழோ கொண்டுபோனால் தொடுவானம் அவர்களுடைய இடுப்புக்கு இறங்கிவிடும்; தலையும் தோளும் கையசைவும் வெறும் வானத்தின்மேல் துல்லியமாக எழும். மாறாக ஒரு படகின் விளிம்பிலோ துறைமுகப் படிக்கட்டிலோ ஏறி நின்றால் தொடுவானம் அவர்கள் தலைக்கு மேலே போய்விடும். மனிதர்கள் தண்ணீரின்மேலோ மணலின்மேலோ விழுந்து, ஒருவரோடொருவர் கொண்டுள்ள தொலைவும் நெருக்கமும் வரைபடம்போலத் தெரியும். தனி ஒருவரின் உழைப்பைக் காட்ட விரும்பினால் கீழே இறங்குங்கள்; கூட்டத்தின் வேலைப் பிரிவைக் காட்ட விரும்பினால் மேலே ஏறுங்கள். இடையில், கண்மட்டத்தில், காரணமின்றி நிற்காதீர்கள். தொடுவானம் சாய்ந்திருந்தால் பிறகு நேராக்கிக்கொள்ளலாம். அது ஒருவருடைய கழுத்தை அறுத்துக்கொண்டு போனால் எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது.

லென்ஸ் கேள்விக்கு இப்போது சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) சென்சார் உள்ள கேமராவில் 35 மி.மீ. அல்லது 28 மி.மீ. அகலக் கோண லென்ஸ் ஒன்று போதும். சிறிய சென்சார் உள்ள கேமராவானால் அதற்கு இணையானது. தொலைவில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் 200 மி.மீ. லென்ஸ் வாங்க எண்ணியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம் என்றே சொல்வேன். தொலைவிலிருந்து எடுத்த படத்தில் அந்தத் தொலைவு தெரிந்துவிடும்; பார்ப்பவருக்கும் தெரியும், எடுக்கப்பட்டவருக்கும் தெரியும். 35 மி.மீ. லென்ஸை எஃப் 8 துளையில் வைத்து 3 மீட்டருக்குக் குவியம் அமைத்தால் ஏறத்தாழ 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை உள்ளவை தெளிவாக விழும். மீன் இறங்கும் இடத்தின் அவசரத்தில் குவியம் தேடிக்கொண்டிருக்கத் தேவையே இராது. கேமராவை உயர்த்துவதும் அழுத்துவதும் ஒரே அசைவாகிவிடும். நடப்பவர்களுக்கு 1/500 வினாடி, தெறிக்கும் தண்ணீரும் உதறும் வலையும் உறைந்து நிற்க 1/1000 அல்லது அதற்கும் விரைவு; வெளிச்சம் போதாதபோது ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, தயங்காமல் ஏற்றுங்கள். வெளிர் மணலும் ஈரத் தரையும் வெயிலை வீசித் திருப்புவதால் கேமராவின் ஒளிமானி ஏமாந்துபோய்ப் படத்தை இருட்டாக்கும். ஒளி உங்கள் முதுகுப்பக்கமிருந்து வரும்போது ஒரு ஸ்டாப் வரை, அதாவது ஒளியை இரு மடங்கு வரை, கூட்டி வைத்தால் மணல் மணலாக இருக்கும். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைக் கடலோரத்தில் எல்லோரும் பரிந்துரைப்பார்கள். நான் அன்றாடக் காட்சிகளுக்கு அதைக் கழற்றியே வைக்கிறேன். ஈரத்தின் பளபளப்பை அது துடைத்து எடுத்துவிடுகிறது; மீனின் செதிலிலும் நனைந்த முழங்கையிலும் அந்தப் பளபளப்பு இல்லாமல் போனால் கடலோரமே இல்லாமல் போய்விடுகிறது.

கிட்டத்தில் பார்ப்பது என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தொடக்க காலத்தில் வலை பொத்தும் முதியவர் ஒருவரை, இசைவு பெற்ற பின், ஏறத்தாழ ஒரு மணி நேரம் படமெடுத்தேன். கால் கட்டை விரலில் ஒரு கண்ணியை மாட்டி வலையை இழுத்துப் பிடித்திருந்தார்; வலக்கையில் நூல் சுற்றிய தட்டையான வலை ஊசி; இடக்கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணியின் அளவைப் பிடித்துக்கொடுத்தன; மடியில் ஒரு சிறு கத்தி. ஊசி வளைந்து உள்ளே போகும் கணம் அழகாக இருந்ததால் அதையே முப்பது தடவைக்கு மேல் எடுத்தேன். அடுத்த முறை போனபோது அச்சிட்ட படத்தைக் கொடுத்தேன். அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதுல முடிச்சு இன்னும் விழல தம்பி, பெருவிரல் அழுத்துறப்பதான் விழும்” என்றார். ஊசி போவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும் அசைவு. நூல் இறுகும்போது பெருவிரல் கண்ணியின் முனையை அழுத்தி நழுவாமல் நிறுத்துகிறதே, அதில்தான் வேலை இருக்கிறது, அது தவறினால் முடிச்சு ஓடிவிடும். அன்று மீண்டும் உட்கார்ந்து அந்தப் பெருவிரலை எடுத்தேன். நகத்தின் ஓரத்தில் நூல் பல ஆண்டுகளாக உராய்ந்து ஏற்படுத்திய ஒரு பள்ளம் இருந்தது, முதல் நாள் முழுவதும் என் கண்ணில் படாதது. அதன் பிறகு எந்த வேலையைப் படமெடுத்தாலும், இதில் கடினமான இடம் எது என்று செய்பவரிடமே கேட்டுக்கொள்கிறேன். கணத்தைக் கண்டுபிடிக்கும் திறமை என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி இப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியதுதான்.

இது உங்கள் மூன்றாவது கேள்விக்குக் கொண்டுவருகிறது. மனிதர்களை அணுகுவது பற்றி எழுதியவர்கள் பலர் உத்திகளாகவே சொல்கிறார்கள்: புன்னகைக்க வேண்டும், கேமராவைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும், முதலில் எடுத்துவிட்டுப் பிறகு கேட்க வேண்டும் என்று. கடைசியாகச் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஒரு தெருவில் யாரோ யாரையோ கடந்துபோகும்போது எடுப்பது வேறு. ஒருவர் தம் பிழைப்பைச் செய்துகொண்டிருக்கும் இடத்துக்குள் நாம் நுழைந்து நிற்பது வேறு. மீன் இறங்கும் இடம் ஒரு பணியிடம். நீங்கள் நிற்கும் ஓரடி இடம் கூடை தூக்கி வருபவருக்குத் தேவைப்படும் இடமாக இருக்கக்கூடும். முதல் இரண்டு வாரங்கள் கேமராவைப் பையிலிருந்து எடுக்காமலே போய்வாருங்கள். கூடைகள் எந்த வழியாகப் போகின்றன, யார் யாரிடம் கணக்குச் சொல்கிறார்கள், எந்த மூலை காலியாக இருக்கிறது என்பது தெரிந்தபின் அந்த மூலையில் நின்று தொடங்குங்கள்.

புகைப்படக்கலை தோன்றி ஐந்தாறு ஆண்டுகளுக்குள்ளேயே இதை இருவர் செய்து காட்டியிருக்கிறார்கள். ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லும் இளம் புகைப்படக்காரரான ராபர்ட் ஆடம்சனும் 1843க்கும் 1847க்கும் இடையில், எடின்பரோ நகருக்கு அருகில் உள்ள நியூஹேவன் என்ற மீனவக் குடியிருப்பைக் காலோடைப் என்ற, காகிதத்தில் எதிர்ப்படம் எடுக்கும் முறையில் படமெடுத்தார்கள். ஒரு படத்துக்குப் பல வினாடிகளோ அதற்கு மேலோ எல்லோரும் அசையாமல் இருக்க வேண்டியிருந்த காலம் அது. திருடி எடுப்பதற்கு வாய்ப்பே இல்லை. படகில் சாய்ந்தும், ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டும், கூடைமேல் அமர்ந்தும் அந்த மக்கள் ஒத்துழைத்தால்தான் படம். அந்தப் படங்களில் உள்ள கண்ணியம் அங்கிருந்து வந்தது என்று நம்புகிறேன். நம் காலத்துக்கு அருகில் புகைப்படக்காரர் கிறிஸ் கில்லிப்பைச் சொல்லலாம். இங்கிலாந்தின் வடகிழக்கில் லைன்மத் கடற்கரையில், அலை ஒதுக்கும் நிலக்கரியைக் குதிரை வண்டிகளில் அள்ளிப் பிழைத்தவர்களை 1976இல் அவர் எடுக்க முயன்றபோது விரட்டப்பட்டார். 1982இல்தான் அவர்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள், பிறகு அங்கேயே ஒரு வண்டி வீட்டில் தங்கி அவர்களிடையே வாழ்ந்து படமெடுத்தார். ஆறு ஆண்டுகள் என்பது உங்களுக்குத் தேவைப்படாது. ஆனால் மறுப்பவரிடம் வாதாடாமல் திரும்பிவருவதும் மறுபடியும் வந்து நிற்பதும் இந்த வேலையின் பகுதிகள் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

கைகாட்டி மறுத்தால் கேமராவைக் கீழே இறக்கிவிடுங்கள். எடுத்துவிட்டதை அழிக்கச் சொன்னால் அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள். கொடுப்பதாகச் சொன்ன படத்தைக் கொடுக்காமல் விடுவது எல்லாவற்றிலும் மோசமானது. கைபேசிக்கு அனுப்புவதைவிட அச்சிட்டுக் கையில் கொடுப்பதுதான் நன்று, ஏனென்றால் அது வீட்டுக்குப் போய்ச் சுவரில் ஏறும், மறுவாரம் உங்களைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லியும் வைக்கும். குழந்தைகளைப் பெற்றோர் அறியாமல் எடுக்க வேண்டாம். சட்கிளிஃப் 1886இல், துறைமுகத் தண்ணீரில் ஆடையின்றி விளையாடும் சிறுவர்களைப் படமெடுத்தார். அவருடைய புகழ்பெற்ற படம் அது. அந்தக் காலத்தில் அது பாராட்டோடு கண்டனத்தையும் பெற்றது. இன்று அப்படியொரு படத்தை எடுக்கவே கூடாது, எடுக்கத் தேவையும் இல்லை. துறைமுகங்களின் சில பகுதிகள், கடற்படை சார்ந்த இடங்கள், எரிபொருள் கிடங்குகள் ஆகியவற்றில் பல நாடுகளில் படமெடுக்கத் தடை உண்டு. பலகையைப் பார்த்துவிட்டே கேமராவை எடுங்கள், ட்ரோன் என்றால் இன்னும் முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நடுப்பகலில் கேமராவை மூடிவைத்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள். மூட வேண்டாம், நிழலுக்குள் போங்கள். உச்சி வெயிலில் வெளிர் மணல் ஒரு பெரிய வெள்ளைத் துணிபோல ஒளியைக் கீழிருந்து மேலே வீசுகிறது. கரையேற்றிய படகின் அடிப்பக்கத்திலும், வலைக் கொட்டகையின் கூரைக்குக் கீழும், திறந்த கதவுகளுக்குள்ளும் அந்த ஒளி புகுந்து முகங்களை மென்மையாக நிரப்பும். பழுது பார்க்கும் தச்சரும், படகின் அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுபவரும், வண்ணம் பூசுபவரும் அந்த நேரத்தில்தான் நிழலில் இருப்பார்கள். கடலுக்குப் போகாத நாட்களும் அப்படியே பயனுள்ளவை: சீற்றமான கடல், மீன்பிடித் தடைக்காலம், மழை. எல்லாப் படகும் கரையில் நிற்கும்போது ஊர் எப்படிக் காத்திருக்கிறது என்பது உதயங்களைவிட அரிதாகவே படமாகியிருக்கிறது.

கருவியைக் காப்பது பற்றியும் சில வரிகள் எழுதியாக வேண்டும். கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. காற்றில் வரும் துளி காய்ந்ததும் அந்த உப்பு லென்ஸின் முகத்தில் நுண்ணிய படிகங்களாக நிற்கும். அதை உலர்ந்த துணியால் தேய்ப்பது மணல்தாளால் தேய்ப்பதற்குச் சமம். நான் அப்படித் தேய்த்து ஒரு நல்ல லென்ஸின் மேற்பூச்சைக் கெடுத்திருக்கிறேன். முதலில் ஊதுகுமிழால் மணலை ஊதித் தள்ளி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் உப்பைக் கரைத்து ஒற்றி எடுத்து, கடைசியில்தான் உலர்ந்த துணி. மணலில் நின்று லென்ஸை மாற்றாதீர்கள். ஒரே லென்ஸோடு போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேராக ஈரக் காற்றுக்குள் கொண்டுவந்தால் கண்ணாடியில் பனித்துவிடும். காற்றுப் புகாத பையில் மூடியபடியே வெளியே கொண்டுவந்து, அரை மணி நேரம் வெளி வெப்பத்துக்குப் பழகிய பின் திறங்கள். விடியலின் முதல் அரை மணி நேரத்தை இழக்காமல் இருக்க, தங்கும் அறையிலிருந்து புறப்படும் நேரத்தை இதற்கேற்ப முன்னால் தள்ளிக்கொள்ள வேண்டும்.

வீடு திரும்பிய அன்றே குறிப்பு எழுதிவிடுங்கள். நாள், இடம், ஓதம் ஏறிக்கொண்டிருந்ததா வற்றிக்கொண்டிருந்ததா, செய்யப்படும் வேலையின் பெயர், வலையின் பெயர், படகின் வகை; இவற்றை அங்குள்ளவர்கள் எந்தச் சொல்லால் அழைக்கிறார்களோ அந்தச் சொல்லாலேயே எழுதுங்கள். ஒரு மாதம் கழித்தால் உங்களுக்கே மறந்துவிடும்; இருபது ஆண்டுகள் கழித்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த மனிதர்கள் இருக்கமாட்டார்கள். படங்களைத் தேர்வதை மட்டும் உடனே செய்ய வேண்டாம். எடுத்தபோது இருந்த களைப்பும் பரவசமும் தணிய இரண்டு மூன்று வாரம் விடுங்கள். பிறகு சிறிய அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்பி, கடல் மட்டுமே உள்ள படங்களை ஒரு பக்கம் ஒதுக்கிவையுங்கள். எஞ்சியவற்றில் எந்த வேலை விடுபட்டிருக்கிறது, யாருடைய முகமே இல்லை என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். நான் அப்படிப் பரப்பிப் பார்த்த முதல் முறை, ஆண்களின் படங்களே நிறைந்திருந்தன; தரம் பிரிப்பதும் விற்பதும் கணக்கு முடிப்பதும் பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்த ஊர் அது. நான் படகு கரை சேரும் வரை காத்திருந்து எடுத்துவிட்டு, உடனே கிளம்பிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. அடுத்த முறை படகுகள் வந்த பிறகும் இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றேன்.

வரும் சனிக்கிழமைக்கு இவ்வளவையும் மனத்தில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஓத அட்டவணையில் அன்றைய வற்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முக்கால் மணி நேரம் முன்பாக, 35 மி.மீ. லென்ஸும் ஈரத் துணியும் ஒரு சிறு குறிப்பேடும் மட்டும் எடுத்துக்கொண்டு, நீங்கள் தேர்ந்த அந்தப் பத்து நிமிடத் துண்டுக்குப் போங்கள். கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். எத்தனை படகுகள் வந்தன, முதல் கூடை எந்த வழியாக மேலே போனது, வெயில் எந்தச் சுவரில் முதலில் பட்டது, எல்லோரும் போன பிறகு கடைசியாக நின்றவர் யார் என்பவற்றை எழுதிக்கொண்டு திரும்பிவாருங்கள். அதற்கடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் கடல் ஏறி நிற்கும், படகுகள் வேறு இடத்தில் ஒதுங்கும், அன்றும் எழுதுங்கள். மூன்றாவது சனிக்கிழமை வற்றம் ஏறத்தாழ முதல் வாரத்து நேரத்துக்கே திரும்பி வந்திருக்கும். அன்று கேமராவை வெளியே எடுங்கள்.